பாளையங்கோட்டை மாடி வகுப்பில் பத்து ஞாயிறுகள்

ஒரு ஆங்கில வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். நடத்துபவர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை. பாளையங்கோட்டையில் தன் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியம் 3 மணி முதல் 5 மணி வரை, மொத்தம் 10 வாரம். கட்டணம் 3,000 ரூபாய், இரண்டு தவணையாகவும் கட்டலாம். தன் பெயரையும் தெருவையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. வகுப்பில் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இது வழக்கமான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இல்லை. பாராட்டு, மரியாதை, நன்றி, வாழ்த்து ஆகியவற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, எப்படி எழுதுவது என்பது மட்டும்தான் பாடம். அதற்கு மட்டும் 10 வாரமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முதலில் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். திசுப் பரிசோதனைப் பிரிவில் 19 வருஷமாக இருக்கிறேன். எங்கள் தலைமை மருத்துவர் கொல்கத்தாக்காரர். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அவருடைய தமிழ் "சாப்பிட்டாச்சா", "சீக்கிரம்", "போதும்" என்ற அளவோடு நின்றுவிட்டது. அவர் ஓய்வுபெறும் நாளன்று லேப் சார்பாக நான் மூன்று நிமிஷம் பேச வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தமிழில் பேசினால் அவருக்குப் புரியாது. பக்கத்தில் ஒருவர் காதில் மொழிபெயர்த்துச் சொல்ல, அதைக் கேட்டு அவர் தலையாட்டுவதை நினைத்துப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. நான் சொல்வது அவருக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்றில்லை. ரிப்போர்ட் தட்டச்சு செய்வேன், மெஷின் கம்பெனிக்காரர்களோடு போனில் பேசுவேன். ஆனால் ஒருவர் மேல் மனசில் இருக்கிற மதிப்பைச் சொல்ல வேண்டும் என்றால் 'கிரேட்', 'வெரி நைஸ்', 'சூப்பர்' இந்த மூன்றுக்கு மேல் ஒன்றும் வராது. இந்தக் குறையைத் தீர்க்க நான்கு வருஷத்துக்கு முன்பு வேறொரு பயிற்சி நிலையத்தில் 8,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். 200 ஆங்கிலத் தொடர்கள் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். காலையில் எல்லாரையும் நிற்க வைத்து 'ஹேட்ஸ் ஆஃப் டு யூ சார்' என்று சேர்ந்து சொல்லச் சொன்னார்கள். அந்தத் தொடரை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது, ஏன் தொப்பி என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டேன். பணம் திரும்ப வரவில்லை.

அந்தப் புத்தகத்தில் படித்த ஒரு தொடர் எனக்குப் பெரிய வருத்தத்தைக் கொண்டுவந்தது. எங்கள் லேபைச் சோதிக்க வெளியூரிலிருந்து வந்த மூத்த மருத்துவர் ஒருவருக்கு நன்றி மெயில் எழுத வேண்டியிருந்தது. 'சகல மரியாதையுடனும்' என்று தொடங்கலாம் என்று நினைத்து 'வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்' என்று ஆரம்பித்தேன். மறுநாள் இரண்டு வரியில் பதில் வந்தது: நான் எழுதிய அறிக்கையில் எந்த இடத்தை நீங்கள் ஏற்கவில்லை? படித்ததும் கை நடுங்கியது. என்ன தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை. விளக்கம் எழுதி அனுப்பினேன், அவரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். ஆனால் அந்தத் தொடர் ஏன் அப்படி மாறியது என்பது இந்த மாடிக்கு வந்த பிறகுதான் புரிந்தது. இங்கிலாந்தில் 'உங்கள் மேல் மரியாதை இருக்கிறது, ஆனாலும்' என்று மறுப்பைத் தொடங்கும்போது சொல்வது அது. காதில் விழுந்ததும் எதிரில் இருப்பவர் ஒரு 'பட்' வரப்போகிறது என்று காத்திருப்பார். எனக்கு வேண்டியிருந்ததோ வெறும் 'டியர் டாக்டர்', அதற்குக் கீழே நன்றி. அவ்வளவுதான்.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

முதல் நாள் டீச்சர் பலகையில் நான்கு தமிழ்ச் சொற்கள் எழுதினார்: வந்தான், வந்தார், வந்தார்கள், வந்தாவ. கடைசிச் சொல் எங்கள் பக்கத்துப் பேச்சு. இவற்றில் மரியாதை எங்கே இருக்கிறது என்று கேட்டார். எல்லாரும் சொல்லின் வாலைக் காட்டினோம். பிறகு, மாவட்ட ஆட்சியர் வந்ததையும் பால்காரர் வந்ததையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். இரண்டுக்கும் 'ஹி கேம்'தான். தமிழில் மரியாதை வினைச்சொல்லோடு ஒட்டியே வந்துவிடுகிறது, நாம் யோசிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. அதனால் கேட்கும் விதத்தில் 'குட் யூ', 'மே ஐ', 'வுட் யூ மைண்ட்' என்று மரியாதையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை மதிக்கிறோம் என்றால் அதையும் தனியாக, வாயைத் திறந்து, காரணத்தோடு சொல்ல வேண்டும். எனக்கு இதுவரை சொல் கிடைக்காமல் போனதற்கு இதுவே காரணம் என்று பட்டது. தமிழில் 'ஆர்' விகுதி போட்டதோடு என் கடமை முடிந்துவிட்டது என்று 19 வருஷம் இருந்திருக்கிறேன். டாக்டரிடம் ஒரு தடவைகூட நேரில் எதுவும் சொன்னதில்லை.

அன்றே 'யூ' பற்றியும் பேச்சு வந்தது. ஆங்கிலத்தில் எல்லாரையும் நீ போட்டுப் பேசுகிறார்கள் என்பதுதான் நம்மில் பலர் நினைப்பது. நேர்மாறானது உண்மை. ஒரு காலத்தில் அவர்களுக்கு 'நீ' என்பதற்கு 'தௌ' என்ற சொல் இருந்தது. 'யூ' என்பது 'நீங்கள்'. காலப்போக்கில் 'தௌ' வழக்கொழிந்து, எல்லாருக்கும் 'நீங்கள்' என்றாகிவிட்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. வகுப்பில் இருந்த ஒரு ஆட்டோ டிரைவர் அண்ணன், "அப்போ போலீஸ்காரர் என்கிட்ட இங்கிலீஷ்லயே பேசட்டும் டீச்சர்" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. "ஆமா, அது நியாயம்தான்" என்றார்.

இரண்டாம் வாரத்திலிருந்து டீச்சர் சொற்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தார். முதலில் கண் குடும்பம். 'ரெஸ்பெக்ட்' என்பதற்கு லத்தீனில் 'திரும்பிப் பார்ப்பது' என்று பொருள். 'ரிகார்ட்' பிரெஞ்சில் 'பார்ப்பது'. மெயிலின் கடைசியில் பழக்கத்தில் போடுகிற 'ரிகார்ட்ஸ்' அதிலிருந்து வந்ததுதான். 'அட்மையர்' என்றால் வியந்து பார்ப்பது, 'மிரர்' என்ற கண்ணாடிக்கும் 'மிராக்கிள்' என்ற அற்புதத்துக்கும் அதே வேர். அப்புறம் 'லுக் அப் டு', அண்ணாந்து பார்ப்பது, ஒருவரை முன்மாதிரியாக வைத்து மதிப்பது. எதிர்ப்பக்கம் 'லுக் டவுன் ஆன்'. இதில் 'டு' விட்டுப்போனால் அகராதியில் சொல் தேடுகிற 'லுக் அப்' ஆகிவிடும் என்று நான்கைந்து தடவை எழுத வைத்தார்.

அடுத்தது விலைக் குடும்பம். 'எஸ்டீம்', 'எஸ்டிமேட்' இரண்டுக்கும் ஒரே வேர். தமிழில் 'மதிப்பு', 'மதிப்பீடு' என்று இருக்கிறதே, அதே மாதிரி. 'பிரைஸ்' என்ற விலை, 'பிரைஸ்' என்ற பரிசு, 'பிரெய்ஸ்' என்ற புகழ்ச்சி, மூன்றும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து பிரிந்தவை. 'அப்ரிஷியேட்' என்பதும் அந்த வீட்டுப் பிள்ளைதான், அதனால்தான் நிலத்தின் விலை ஏறுவதற்கும் அந்தச் சொல்லையே சொல்கிறார்கள். நாம் 'மேனேஜர் என்னை அப்ரிஷியேட் பண்ணினார்' என்று 'புகழ்ந்தார்' என்ற பொருளில் சொல்கிறோம். இங்கிலாந்துக்காரர் காதில் அது 'என் அருமையை உணர்ந்தார்' என்று விழும். புகழ்ந்தார் என்பதற்கு 'பிரெய்ஸ்டு மீ'. உதவி செய்தவரிடம் 'ஐ அப்ரிஷியேட் யுவர் ஹெல்ப்' என்றால் சரி. இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு டீச்சர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அந்த அரை மணி நேரம் வீண் இல்லை. மறுநாளே லேபில் எனக்குப் பயன்பட்டது.

மூன்றாவது, தொப்பி. அந்த ஞாயிறை நான் மறக்க மாட்டேன். 'ஐ டேக் மை ஹேட் ஆஃப் டு ஹெர்' (அவருக்கு மரியாதையாக என் தொப்பியைக் கழற்றுகிறேன்) என்ற தொடரைப் பலகையில் எழுதிவிட்டு, டீச்சர் 1670-ல் லண்டனில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னார். குவேக்கர்கள் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். கடவுளுக்கு முன்னால் தவிர யாருக்கு முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. பெரிய மனுஷர், சின்ன மனுஷர் என்று பார்க்காமல் எல்லாரையும் 'தௌ' என்றே அழைத்தார்கள். அவர்களில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவரைத் தெருவில் பிரசங்கம் செய்ததற்காக ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். உள்ளே வரும்போது காவலர்களே அவர்கள் தொப்பியை எடுத்துவிட்டார்கள். நீதிபதிகள் தரப்பிலிருந்து அதைத் திரும்ப மாட்டிவிடச் சொல்லி, மாட்டிய பிறகு, தொப்பியோடு நின்றதற்காக ஆளுக்கு 40 மார்க் (அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணக் கணக்கு) அபராதம் போட்டார்கள். ஜூரிகளோ பென்னைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்துவிட்டார்கள். சோறு தண்ணீர் கொடுக்காமல் அடைத்து வைத்தும் அவர்கள் மாறவில்லை. பின்னால் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவியது இதே பென்தான்.

கதை முடிந்ததும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா, மெதுவாக, "எங்க ஊர்ல தோளை மூட விடாம வச்சதும் மரியாதைன்னுதானே சொன்னாங்க" என்றார். தோள்சீலைப் போராட்டம். மேல்சாதிக்காரர் முன்னால் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று இருந்ததை எதிர்த்துப் போராடி, 1859-ல் திருவிதாங்கூர் அரசின் பிரகடனம் வரும்வரை பட்ட பாடு. அவருடைய பாட்டிக்குப் பாட்டி அந்தக் காலத்தவராம். தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்கச் சொன்னதைப் பற்றி ஆட்டோ அண்ணனும் சொன்னார். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. மிரட்டி வாங்குவதற்கும் தானாக வருவதற்கும் தமிழில் நாம் ஒரே 'மரியாதை'யைத்தான் சொல்கிறோம், ஆங்கிலத்திலும் 'ரெஸ்பெக்ட்' இரண்டுக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது என்றார் டீச்சர். "ஆனா 'அட்மையர்' பண்ண யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதனால அந்தச் சொல்லை வீணாக்காதீங்க" என்றார். நான் நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிற வரி அது.

நம் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளுக்கு இரண்டு வகுப்புகள். 'ஐ ஆம் ரெஸ்பெக்டிங் ஹிம்' என்று 'இங்' போடக் கூடாது, 'ஐ ரெஸ்பெக்ட் ஹிம்' போதும். 'மரியாதை கொடு' என்பதை அப்படியே 'கிவ் ரெஸ்பெக்ட்' ஆக்குகிறோம், அவர்கள் 'ஷோ ரெஸ்பெக்ட்' என்பார்கள். 'குடோஸ்' என்பது கிரேக்கத்தில் புகழ் என்ற ஒருமைச் சொல், கடைசி 'ஸ்' பன்மை இல்லை, எனவே 'ஒரு குடோ' என்று சொல்லக் கூடாது. 'ரெஸ்பெக்டபிள்' வேறு, 'ரெஸ்பெக்ட்ஃபுல்' வேறு. முதலாவது கௌரவமான ஆள், இரண்டாவது மரியாதையாக நடப்பவர். 'ஆஸம்', 'ஆஃபுல்' இரண்டும் பயபக்தி என்று பொருள்படும் ஒரே சொல்லில் பிறந்து, ஒன்று பாராட்டாகவும் ஒன்று வசவாகவும் போய்விட்டன. பெரியவர் ஒருவரின் உரையைக் கேட்டு 'ஆஃபுல்' என்று சொல்லிவிடாதீர்கள்.

'சார்' என்ற சொல்லுக்காக மட்டும் தனியாக ஒரு மணி நேரம். பள்ளிக்கூடத்தில் சர் சி. வி. ராமன் என்று படித்தோம். 1929-ல் அவருக்குக் கிடைத்த பட்டம் அது. அந்த 'சர்' பெயருக்கு முன்னால்தான் வரும், அதுவும் முதற்பெயரோடு. குடும்பப் பெயரோடு மட்டும் ஒட்டாது. நாம் 'சார்' என்பதை மாமா, அண்ணன், அக்கா மாதிரி பெயருக்குப் பின்னால் உறவுச் சொல்லாக்கிவிட்டோம். இது பிழை இல்லை, நம் ஆங்கிலம் இப்படி வளர்ந்திருக்கிறது, நம் ஆபீஸில் தாராளமாகச் சொல்லுங்கள் என்றார் டீச்சர். வெளிநாட்டுக்கு எழுதும்போது மட்டும் 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம், 'டியர் சார்' அல்லது 'டியர் டாக்டர்' போட்டுக் குடும்பப் பெயர். 'டியர் சார்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'.

எங்களோடு ஒரு நர்ஸ் தங்கை படித்தாள். இங்கிலாந்தில் வேலை கிடைத்து, கிளம்பும் தேதிக்காகக் காத்திருந்தாள். அங்கே அறுவை மருத்துவர்களை 'டாக்டர்' என்று கூப்பிட மாட்டார்கள், 'மிஸ்டர்' அல்லது 'மிஸ்' என்றுதான் சொல்வார்கள் என்று டீச்சர் சொன்னபோது அவள் நம்பவே இல்லை. பழைய காலத்தில் அறுவை செய்தவர்கள் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்காமல் முடிதிருத்துபவர்களோடு ஒரே சங்கத்தில் தொழில் கற்றவர்கள். பின்னால் படிப்பும் பட்டமும் வந்த பிறகும், அந்த 'மிஸ்டர்' என்பதையே பெருமையாக வைத்துக்கொண்டார்கள். டாக்டருக்குப் படித்து, அதன் மேல் அறுவைத் தேர்வும் எழுதித்தான் திரும்ப 'மிஸ்டர்' ஆகிறார்கள். "நம்ம ஊர்ல சர்ஜனை மிஸ்டர்னு கூப்பிட்டா வேலையே போயிரும் டீச்சர்" என்றாள் அந்தப் பெண். இது தெரியாமல் போயிருந்தால் எத்தனை நாள் அவள் தப்பாகக் கூப்பிட்டுச் சங்கடப்பட்டிருப்பாளோ, இந்த ஒரு தகவலே அவளுக்கு 3,000 ரூபாய்க்கும் மேல் பெறும்.

ஆறாவது வாரம், நமக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுதி வரச் சொன்னார். கல்லூரிப் பையன் ஒருவன், உடன்குடி பக்கம். எப்போதும் கடைசி வரிசை. 'ஐ லுக் அப் டு மை ஃபாதர்' என்று எழுதியிருந்தான். டீச்சர் வழக்கம்போல, "அப்பா என்ன செய்வாங்க தம்பி? ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றார். பனையேறி என்றான். சின்ன வயசில் காலையில் அப்பாவோடு போவானாம். அப்பா ஏறுவார், இவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பானாம். அவர் இறங்கும்வரை கண்ணை எடுக்க மாட்டானாம், எடுத்தால் விழுந்துவிடுவாரோ என்று பயம். டீச்சர் பலகையில் அவன் வரியை எழுதி, அதற்குப் பக்கத்தில் எந்தத் திருத்தமும் போடாமல் சாக்பீஸைக் கீழே வைத்தார். எனக்கு அந்தத் தொடர் அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

இனி என் பேச்சு. நான் எழுதிப்போன முதல் வரி: 'யூ ஆர் எ கிரேட், நோபிள் அண்ட் எமினென்ட் பெர்சனாலிட்டி'. டீச்சர் பென்சிலால் மூன்று அடைமொழிகளையும் வட்டமிட்டார். "இதை யாருக்கு வேணும்னாலும் சொல்லலாம்மா. உங்க டாக்டருக்கு மட்டும் பொருந்துறதைச் சொல்லுங்க. அவங்க என்ன செஞ்சாங்க?"

நான் ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் நடந்ததைச் சொன்னேன். அன்று ஊருக்குப் போகிற அவசரத்தில் இரண்டு நோயாளிகளின் பயாப்ஸி ஸ்லைடுகளில் எண்ணை மாற்றி ஒட்டிவிட்டேன். டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். திசுவின் அளவு மேஜையில் எழுதி வைத்த குறிப்போடு பொருந்தவில்லை. மணி ஆறு. கையில் பை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். அவர் 'யார்' என்று கேட்கவில்லை. 'எந்த பிளாக்' என்று மட்டும் கேட்டார். திசுவைப் பதித்து வைத்திருக்கும் இரண்டு மெழுகு பிளாக்குகளையும் எடுத்து, மெல்லிசாகச் சீவுகிற மைக்ரோடோம் கருவியில் திரும்ப வெட்டச் சொன்னார். 4 மைக்ரான் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரை 250 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. கை நடுங்கினால் அந்த மெல்லிய சீவல் தண்ணீரில் சுருண்டுவிடும். எனக்கு நடுங்கியது. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், பேசவில்லை. சாயம் ஏற்றி, காய்ந்து, பார்த்து, இரண்டு ரிப்போர்ட்டையும் சரிசெய்தபோது ஒன்பதே கால். நல்லவேளை, எதுவும் வெளியே போயிருக்கவில்லை. ரெஜிஸ்டரில் அந்தத் தவறைப் பதிவு செய்தபோது 'சரிபார்க்க வேண்டியவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. டீச்சர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுதான் உங்க பேச்சு. அந்த 'கிரேட்'டை எடுத்துருங்க" என்றார். பிறகு நான்கு வாரம் அந்த ஒன்றையே எழுதினோம். 'ஐ அட்மையர் யூ' என்று நிறுத்தாமல் 'ஐ அட்மையர் த வே யூ' என்று தொடங்கினால் அடுத்து ஒரு செயலைச் சொல்லியே ஆக வேண்டும், தப்பிக்க முடியாது. இந்த 'த வே யூ' என்ற மூன்று சொற்களுக்காகவே இந்த வகுப்பை நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் வந்த வரிகள் இவை: 'டாக்டர், ஐ ஹேவ் லுக்ட் அப் டு யூ சின்ஸ் த நைட் த டூ ஸ்லைட்ஸ் காட் மிக்ஸ்ட் அப். யூ டிட் நாட் ஆஸ்க் ஹூ. யூ ஆஸ்க்ட் விச் பிளாக்.' எல்லாம் சின்னச் சொற்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தவை.

விழாவில் பேசினேன். பொன்னாடை, மாலை, கேடயம் எல்லாம் முடிந்து கடைசியில்தான் என் முறை வந்தது. பார்க்காமல் சொன்னேன். அந்த இரவை அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன். 'விச் பிளாக்' என்றதும் நிமிர்ந்து பார்த்தார். இறங்கி வந்தபோது என் கையிலிருந்த தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார், டீச்சரின் பென்சில் வட்டங்களோடு.

குறைகளையும் சொல்ல வேண்டும். உச்சரிப்புக்கு இங்கே நேரம் ஒதுக்குவதில்லை. மைக்கில் பேசிப் பழகும் வசதி கிடையாது, நான் வீட்டில் மொட்டைமாடியில் தனியாகச் சொல்லிப் பழகினேன். கொடுக்கிற ஜெராக்ஸ் தாள்கள் மங்கல், சில பக்கங்களை நான் கையால் எழுதி எடுத்தேன். டீச்சருக்குப் பழைய இங்கிலாந்து ஆங்கிலத்தில் இருக்கிற பிடிப்பு இன்றைய பேச்சில் இல்லை. உடன்குடிப் பையன் 'கோட்' என்று இன்றைய பிள்ளைகள் கிரிக்கெட் வீரர்களைச் சொல்கிறார்களே, அது என்ன என்று கேட்டான். 'எக்காலத்திலும் சிறந்தவர்' என்பதற்கான நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து அது. "அதெல்லாம் நமக்கு வேண்டாம் தம்பி" என்று விட்டுவிட்டார். அது சரியில்லை என்பது என் கருத்து. அவன் நாளைக்கு வேலை பார்க்கப்போகிற இடத்தில் அந்தப் பேச்சுதான் நடக்கும். எது விளையாட்டு, எது மெயிலில் எழுதத் தக்கது என்று அவனுக்கும் பிரித்துச் சொல்லியிருக்கலாம். அமெரிக்க வழக்கு பற்றியும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

ஒரு மாதத்தில் சரளமாகப் பேச வேண்டும், நேர்காணலுக்குத் தயாராக வேண்டும் என்பவர்கள் இங்கே போகாதீர்கள், ஏமாற்றமாக இருக்கும். பிரிவுபசார உரை, நன்றிக் கடிதம், பரிந்துரைக் கடிதம், இரங்கல் மடல் என்று யாருக்காவது ஏதாவது எழுத வேண்டியிருக்கிறவர்கள், வெளிநாட்டுக்குக் கிளம்புகிற நர்ஸ் பிள்ளைகள், இவர்கள் அவசியம் போகலாம். ஒரு தடவைக்கு 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒரு ஞாயிறு வர முடியாவிட்டால் அடுத்த வாரம் அரை மணி முன்னதாக வரச் சொல்லி அதை நடத்திவிடுகிறார். நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள், பேனாவால் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அழித்து அழித்து எழுத வேண்டும் என்பார். மாடிப்படி ரொம்பச் செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கம்பியும் ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழே திண்ணையில் வகுப்பை வைத்துக்கொள்கிறார்.